முதலில் ஆச்சியின் கால், அப்புறம் தங்கச்சி கன்னம்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கச்சிக்கு வலது கன்னத்தில், மூக்கை ஒட்டி, மிளகளவில் ஒரு மச்சம். சின்ன வயதில் தட்டையாக இருந்தது. இப்போது மேடாகி, நடுவில் இரண்டு முடியும் முளைத்திருக்கிறது. தை மாதம் கல்யாணம். பார்லரில் ‘ஒரே சிட்டிங், ஊசிகூடக் கிடையாது’ என்கிறார்கள். வீட்டில் ஆச்சி ‘கன்னத்து மச்சம் அதிர்ஷ்டம், கை வைக்காதே’ என்கிறார். எடுக்கலாமா, யாரிடம் போவது, தழும்பு விழுமா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: ‘ஆச்சிக்கும் இடது குதிகாலில் ஒரு கறுப்பு இருக்கு, ஆணின்னு ஒரு வருஷமா பிளாஸ்டர் ஒட்டுறாங்க, அதையும் சேர்த்து எடுத்திரலாமா?’

தம்பி, அந்தக் கடைசி வரிதான் எனக்கு முதலாவதாகப் படுகிறது. தங்கச்சியின் மச்சம் ஒரு மாதம் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆச்சியின் காலை இந்த வாரமே ஒரு தோல் மருத்துவர் பார்க்க வேண்டும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மச்சம் என்பது தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்திருப்பது. அநேகமாக எல்லா மச்சமும் சாதுவானது. அதே செல்களில் வரும் புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். வெள்ளைத்தோல் நாடுகளோடு ஒப்பிட்டால் நம் ஊர்களில் இது மிகவும் அரிது. முகத்தில் உள்ள ஒவ்வொரு மச்சத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் மெலனோமா வந்தால், வெயில் படும் முகத்தைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களையே பெரும்பாலும் தேடி வருகிறது. யாரும் குனிந்து பார்க்காத இடங்கள் அவை. காலில் கறுப்பாக ஒன்று வந்தால் நம் பக்கத்தில் முதலில் சொல்லும் பெயர் ஆணி. இல்லாவிட்டால் உடைமுள் தைத்து உள்ளே நின்றிருக்கும் என்பார்கள். இரண்டுமே இங்கே சாதாரணம் என்பதால் சந்தேகமே எழாது. பிளேடால் சீவுவது, ஆணி பிளாஸ்டர் ஒட்டுவது என்று மாதங்கள் ஓடிவிடும். ஆணி பிளாஸ்டரில் இருப்பது 40 சதவீத சாலிசிலிக் அமிலம். அது மேல்தோலை ஊறவைத்து உரிக்கும். அடியில் இருப்பதை ஒன்றும் செய்யாது. அதன் மேற்பரப்பைச் சிதைத்து, பார்க்கிற மருத்துவரின் கண்ணையும் குழப்பிவிடும். அதனால் பிளாஸ்டரை இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஆணி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. அழுத்தம் விழும் இடத்தில் வரும். மஞ்சள் கலந்த கெட்டித்தோல், நடுவில் கண்ணாடி போல ஒரு முளை, நேராக அழுத்தினால் வலி. அதில் கறுப்பு நிறம் கிடையாது. பாத மருவைச் சீவினால் ஊசிமுனை போலச் சின்னச் சின்னக் கறும்புள்ளிகள் தெரியும். அவை அடைபட்ட ரத்தக் குழாய்கள். இருபக்கமும் பிடித்துக் கிள்ளினால் மரு வலிக்கும். முள் குத்திய இடமாக இருந்தால் குத்திய நாள் ஓரளவு நினைவிருக்கும். தோலடியில் ரத்தம் கட்டியிருந்தால் சில வாரங்களில் மேலேறி உதிர்ந்துவிடும். இவை எதிலும் சேராமல், மாதக்கணக்கில் நின்று, மெல்லப் பரவி, ஒரு பக்கம் கறுப்பு மறுபக்கம் வெளிர்பழுப்பு என்று நிறம் கலந்து, ஓரம் தேசப்படம் போல வளைந்து நெளிந்து இருந்தால் காத்திருக்கக் கூடாது. புண்ணாகி நீர் கசிந்தால் சர்க்கரைப் புண் என்று மேல்மருந்து போட்டு நாளைக் கடத்துவார்கள். அதுவும் ஒரு பொறி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சில மெலனோமாவுக்குக் கறுப்பே இருக்காது. ஆறாத இளஞ்சிவப்புச் சதைபோல நிற்கும். ‘கறுப்பு இல்லையே’ என்பது ஆறுதல் ஆகாது.

நகத்தையும் பாருங்கள். நம்மில் நிறைய பேருக்கு வயதாக ஆகப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் வரும், அது இயல்பு. ஒரே ஒரு நகத்தில், குறிப்பாகக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, புதிதாக ஒரு கோடு வந்து, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, கறுப்பு நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் இறங்கியிருந்தால் அது கவனிக்க வேண்டிய அடையாளம். மருத்துவரிடம் போவதற்கு முன்னால் மருதாணி வைக்காதீர்கள். நகத்திலும் பாதத்திலும் மருதாணிச் சிவப்பு ஏறியிருந்தால் நிறத்தைப் படிக்க முடியாது. நெயில் பாலிஷும் அப்படித்தான்.

உடம்பின் மற்ற மச்சங்களுக்கு ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள். நடுவில் கோடு போட்டால் இரு பாதியும் ஒத்துப்போகிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, நிறம் ஒன்றா பலவா, அகலம் 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, அண்மையில் மாறியிருக்கிறதா. 6 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு முழுத் துவரையின் அகலம். ஐந்தில் கனமானது கடைசிதான். முப்பது வருடமாக அப்படியே இருக்கும் பெரிய மச்சத்தைவிட, மூன்று மாதத்தில் வளர்ந்த சின்ன மச்சத்தைப் பார்த்துத்தான் மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுப்பார். பெரும்பாலான மெலனோமா பழைய மச்சத்திலிருந்து வருவதில்லை, வெறும் தோலில் புதிதாகவே முளைக்கிறது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுக்கு மேல் தனியாக ஒரு புதுக் கறுப்பு வந்தால் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. மாற்றத்தைக் கணக்கு வைக்க போன் போதும். மாதம் ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம்.

யாரிடம் காட்டுவது? எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் மருத்துவரிடம். போர்டில் ‘காஸ்மெட்டாலஜி’ என்று மட்டும் போட்டிருந்தால் அடிப்படைப் படிப்பு என்ன என்று கேளுங்கள். மருந்துச் சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து செங்கோட்டை–நெல்லை ரயிலிலோ பஸ்ஸிலோ வந்தால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் காலை ஓ.பி. நேரத்துக்குள் வந்துவிடலாம். 1965இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. தோல், அறுவை சிகிச்சை, நோய்க்குறியியல் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது ஆச்சி மாதிரியானவர்களுக்கு ரொம்ப வசதி: எடுத்த சதையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம். தனியாரிடம் போனாலும் தவறில்லை. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்புவீர்களா?’ இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

போகும்போது ஆச்சி சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது. சின்ன அறுவைக்காக அதை நிறுத்தி, இதயத்தில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மச்சத்தைவிடப் பெரிய ஆபத்து. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள், ஏனென்றால் ரத்தம் நிறுத்தச் சுடும் கருவியின் மின்சாரம் அதைத் தொந்தரவு செய்யலாம். பல் டாக்டரிடம் மரப்பு ஊசி போட்டபோது மயக்கமோ தடிப்போ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மருத்துவர் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் என்ற கைக்கருவியை வைத்துப் பார்ப்பார். வலி கிடையாது. உள்ளங்காலில் விரல்ரேகை போல மேடும் பள்ளமும் வரிவரியாக ஓடுகின்றன அல்லவா? சாது மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவில் மேட்டில் ஓடும். இந்த ஒரு வேறுபாடு வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. அதற்காகத்தான் தோல் மருத்துவரிடமே போகச் சொல்கிறேன். அரையில், அதாவது தொடையிடுக்கில், நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார். கால் நோய்க்கு அரையை ஏன் தொடுகிறார் என்று ஆச்சி கூச்சப்படலாம். முன்பே சொல்லி வையுங்கள். காலிலிருந்து பரவினால் முதலில் நிற்கும் இடம் அதுதான்.

சந்தேகம் இருந்தால் பயாப்சி. இங்கேதான் வீட்டில் சண்டை வரும். ‘கத்தி பட்டா பரவிரும்’ என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அது தவறு. முறையாகச் செய்யும் பயாப்சியால் மெலனோமா பரவுவதில்லை. அப்படித் தோன்றுவதற்குக் காரணம், பலர் முற்றிய பிறகே கத்திக்குச் சம்மதிப்பதுதான். சின்னதாக இருந்தால் சுற்றிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் விட்டு முழுசாக எடுப்பார்கள். பெரிதாக இருந்தால், மிகக் கெட்டியான, மிகக் கறுத்த இடத்திலிருந்து ஒரு துண்டு. மேலோட்டமாகச் சீவி எடுப்பது சந்தேகக் கேஸில் சரியில்லை. நோய் தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ சொன்ன அளவு அது. இன்றும் ரிப்போர்ட்டில் அவர் பெயரிலேயே வரும். சீவினால் அடிப்பக்கம் துண்டிக்கப்பட்டு அந்தக் கணக்கே போய்விடும். சுட்டுக் கருக்கினால் கணக்கும் இல்லை, நோயின் பெயரும் இல்லை.

ரிப்போர்ட்டில் மெலனோமா என்று வந்துவிட்டாலும் ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால், சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலோடு அகற்றுவதே பெரும்பாலும் முழுச் சிகிச்சை. 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் 2 சென்டிமீட்டர் அகலம். தொடையிடுக்கு நெறியிலும் பரிசோதனை வரும். குதிகாலில் அவ்வளவு தோலைத் தையலால் இழுத்து மூட முடியாது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள், அல்லது பக்கத்துத் தோலைத் திருப்பி வைப்பார்கள். நடக்கச் சில வாரம் ஆகும். இதெல்லாம் நேராமலும் போகலாம்; வெறும் ரத்தக்கட்டாகவே இருக்கலாம். அது எது என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் பஸ் ஏறுவது போதும்.

இனி தங்கச்சி.

இளவயதில் தட்டையாக இருந்து, மெல்ல மேடாகி, மென்மையாகி, முடியும் முளைத்த மச்சம் அநேகமாக உள்தோல் மச்சம்தான். செல்கள் மேல்தோலிலிருந்து வருடக்கணக்கில் கீழிறங்கி உள்தோலில் தங்கிவிடுவதால் இப்படி எழும்பும். முடி முளைப்பது கெட்ட அடையாளம் இல்லை. முடியைப் பிடுங்கினால் அடியில் வீங்கிச் சீழ் வைக்கலாம், அதனால் கத்தரியால் வெட்டிவிடுங்கள். மருத்துவக் கண்ணில் இதை எடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆச்சி வேண்டாம் என்பதும், தங்கச்சி வேண்டும் என்பதும் இரண்டுமே ஏற்கத்தக்கவைதான். முடிவு முகத்துக்குச் சொந்தக்காரியுடையது. ஒன்று மட்டும்: மூக்கோரத்தில் முத்துப்போல் பளபளப்பான ஓரத்தோடு, அடிக்கடி பொருக்குத் தட்டி ரத்தம் கசியும் கறும்பொட்டு நடுவயதுக்கு மேல் வந்தால் அது மச்சமே இல்லாமல் இருக்கலாம். பேசல் செல் என்ற வேறொரு தோல் புற்று நம் தோலில் பெரும்பாலும் கறுப்பாகவே வரும். தங்கச்சி வயதுக்கு அது பொருந்தாது. வீட்டில் பெரியவர்களுக்கு நினைவிருக்கட்டும்.

கழுத்தைச் சுற்றிக் காம்பு வைத்துத் தொங்குவது மச்சம் இல்லை, சதைத்தொங்கல். உடம்பு பருத்தவர்களுக்கும் சர்க்கரை ஏறுபவர்களுக்கும் அதிகம். அதைக் கண்டால் சர்க்கரைப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். அம்மாக்களின் கன்னத்தில் கடுகு தூவியது போல் வருபவையும் மச்சம் இல்லை, வயதோடு வரும் மேல்தோல் தடிப்புகள். இவற்றைக் குறைந்த சக்தியில் லேசாகச் சுட்டாலே போதும். எல்லாம் ‘மரு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போவதால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியத்தைச் செய்கிறோம்.

அந்த வைத்தியங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது இன்னும் நடக்கிறது. இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகிறது. சாக்கடை அடைப்பு நீக்கப் போடும் அதே பொருள். அது மச்சத்தோடு நிற்காது, கீழே கீழே அரித்துக்கொண்டு போகும். பிறகு கன்னத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி. முந்திரிக்கொட்டைப் பாலும் சேங்கொட்டையும் சுற்றுத்தோலைக் கொப்புளமாக்கி மாதக்கணக்கில் கறுக்கவைக்கும். குதிரைமுடி கட்டுவது காம்புள்ள தொங்கலை அறுக்கும் என்பது உண்மை. அகன்ற அடியுள்ள மச்சத்தில் கட்டினால் பாதி அழுகிச் சீழ்தான் மிஞ்சும். சங்கரன்கோவில் கோமதியம்மன் புற்றுமண்ணை நம்பிக்கையோடு நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள், திறந்த புண்ணில் மட்டும் வைக்காதீர்கள். எந்த மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும்.

பார்லரில் ‘ஊசியில்லாமல்’ என்பது பெரும்பாலும் பிளாஸ்மா பேனா அல்லது சுடும் கருவி. கருவியைவிட, அதைப் பிடித்திருப்பவருக்கு எது மச்சம், எது மச்சம் போன்ற வேறொன்று என்று பிரிக்கத் தெரியாது என்பதே ஆபத்து. அடுத்தது, எரிந்ததைத் திரும்பப் பார்க்க முடியாது. பாதி எரிந்து மீதி அடியில் நின்றால் சில மாதத்தில் தழும்புக்குள்ளிருந்து கோணல்மாணலாகக் கறுப்பு எழும். அதை அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் மெலனோமா போலவே ஏமாற்றும். முதலில் எடுத்ததன் ரிப்போர்ட் கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீரும் குழப்பம், அது இல்லாததால் பெரிய அறுவையில் போய் முடியலாம். முகத்து லேசர் பற்றியும் இதே கவலைதான். சாது மச்சம் என்று மருத்துவர் டெர்மாஸ்கோப்பில் உறுதிசெய்த பிறகுதான் அந்தப் பேச்சே வர வேண்டும்.

முறையான வழிகள் மூன்று. முதலாவது, மேடாக நிற்பதைத் தோல் மட்டத்துக்குச் சீவி எடுத்து அடியை லேசாக மழுங்கச் சுடுவது. தையல் இல்லை, ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும், தழும்பு வட்டமாக, தட்டையாக இருக்கும். ஆனால் முடியின் வேர் மச்சத்துக்கும் கீழே ஆழத்தில் இருப்பதால் முடி திரும்ப வரும், நிறமும் சிலருக்குத் திரும்பும். இரண்டாவது, வட்டக் கத்தியால் குடைந்து எடுத்து ஒன்றிரண்டு தையல். சின்ன மச்சத்துக்கு நல்லது. 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஓரங்கள் சுருங்கி எழும்பலாம். மூன்றாவது, படகு வடிவில் வெட்டி எடுத்துத் தைப்பது. தங்கச்சி மச்சத்தில் முடி இருப்பதால், கடைசி இரண்டில் ஒன்றை மருத்துவர் சொல்வார் என்றே நினைக்கிறேன்.

படகு வடிவம் என்றதும் எல்லாரும் அதிர்வது நீளத்தைக் கேட்டுத்தான். மச்சம் 5 மில்லிமீட்டர், இருபுறமும் 1 மில்லிமீட்டர் விட்டால் அகலம் 7. நீளம் அகலத்தைப்போல மூன்று மடங்கு வேண்டும். அப்போதுதான் முனைகள் மடிந்து எழும்பாமல் தட்டையாகப் படியும். ஆக 21 மில்லிமீட்டர், சுமார் இரண்டு சென்டிமீட்டர்க் கோடு. மிளகளவு மச்சத்துக்கு இவ்வளவு நீளமா என்று கேட்காதீர்கள். அந்தக் கோடு மூக்கோரத்திலிருந்து உதட்டு ஓரத்துக்கு இறங்கும் சிரிப்பு மடிப்பின் போக்கிலேயே போட்டால் ஒரு வருடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மடிப்புக்குக் குறுக்கே போட்டால் காலத்துக்கும் தெரியும். அதனால் படுக்க வைக்கும் முன், உட்கார்ந்த நிலையில், சிரிக்கச் சொல்லி, பேனாவால் கோடு வரைகிறாரா என்று பாருங்கள். மரப்பு ஊசி போட்டதும் தோல் உப்பிவிடும்; அதற்குப் பிறகு வரைந்தால் கோடு பிசகும்.

அன்றைக்குக் காலையில் சாப்பிட்டுப் போகட்டும். வெறும் வயிற்றில் ஊசியைப் பார்த்து மயங்கி விழுபவர்கள் அதிகம். மரப்பு ஊசி லிக்னோகெயின் 2 சதவீதம், மிகச் சன்னமான ஊசியில். ரத்தம் குறையக் கூடவே அட்ரினலின் சேர்ப்பார்கள். அதனால் சிறிது நேரம் நெஞ்சு படபடக்கலாம், ஒவ்வாமை என்று பயப்படாதீர்கள். 50 கிலோ எடைக்கு அட்ரினலின் இல்லாமலே 11 மில்லி வரை தாங்கும். கன்னத்துக்குத் தேவை ஒன்று, ஒன்றரை மில்லி. ஊசி நுழைவதைவிட மருந்து இறங்கும்போது எரியும். மெதுவாக ஏற்றினால் அதுவும் குறைவு. அதன் பிறகு இழுப்பது தெரியும், வலி தெரியாது. முழு வேலைக்கும் அரைமணிக்குள்தான். உள்ளே கரையும் தையல், வெளியே 6–0 என்ற மிகச் சன்னமான நைலான் நூல். வெளித்தையல் ஆழத்துக்கு வலு கொடுக்காது, ஓரத்தைச் சேர்க்க மட்டும்தான். அதனால்தான் உள்தையல் இல்லாமல் மேலே மட்டும் இறுக்கித் தைத்த தழும்புகள் பிற்பாடு அகன்றுவிடுகின்றன.

எடுத்த சதையை 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும், சதையைப்போலப் பத்து மடங்கு திரவம். ஊர்ப்பக்க கிளினிக்குகளில் பாட்டிலை உங்கள் கையில் கொடுத்து லேபில் சேர்க்கச் சொல்வார்கள். வாங்கும்போதே மூடி இறுகியிருக்கிறதா, பெயரும் வயதும் ‘வலது கன்னம்’ என்பதும் மூடியில் இல்லாமல் பாட்டிலில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூடி மாறிவிடும், பாட்டில் மாறாது. ஸலைனிலோ வெறும் காஸ் துணியிலோ சுற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள், திசு கெட்டுவிடும். ஃப்ரிட்ஜ் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். ஆச்சிக்கும் தங்கச்சிக்கும் ஒரே நாளில் எடுத்தால் இரண்டு பாட்டில், இரண்டு சீட்டு.

முகத்துத் தையலை 5 முதல் 7 நாளுக்குள் பிரிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் தையல் தடங்கள் ஏணிப்படி போலப் பதிந்துவிடும். ஆச்சியின் காலுக்கு மாறாக 14 நாள், சில நேரம் அதற்கும் மேல். சீக்கிரம் பிரித்தால் நடக்கும்போது வாய் பிளக்கும். முதல் நாள் கட்டு நனையக் கூடாது. ரத்தம் கசிந்தால் சுத்தமான காஸ் துணியால் 15 நிமிடம் கடிகாரம் பார்த்து விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் நிற்காமல் போகக் காரணம். இரண்டாம் நாள் முதல் சோப்பு நீரால் மெல்லக் கழுவி, வாசலின் தடவி ஈரப்பதமாக வைத்திருங்கள். காய்ந்து பொருக்கு கட்டினால்தான் நல்லது என்பது பழைய எண்ணம். ஈரத்தில் தோல் வேகமாக மூடும். மஞ்சள், தேங்காயெண்ணெய், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். தையல் இருக்கும்வரை தாமிரபரணியில் முங்கல், குற்றால அருவி, எண்ணெய்க் குளியல் மூன்றுக்கும் தடை. அருவியின் அடி நேராகத் தையலில் விழும். முட்டை, மீன், கத்தரிக்காய் ஒதுக்கிப் பத்தியம் இருக்க வேண்டாம். புண் ஆறப் புரதம் வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறைய வேண்டும். அதற்கு மாறாகக் கூடி, சிவந்து, சூடேறினால் கிருமி புகுந்திருக்கிறது, அன்றைக்கே காட்டுங்கள்.

தழும்பு விழும். கத்தி தோலின் முழு ஆழத்துக்குப் போனால் தழும்பில்லாமல் ஆறாது; ‘தழும்பே வராது’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். நல்ல கோடா, மோசமான மேடா என்பதே நாம் பார்க்க வேண்டியது. காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ உருண்டு திரண்ட தழும்பு வீட்டில் யாருக்காவது இருந்தால் முன்பே சொல்லுங்கள். நெஞ்சு, தோள், தாடை ஓரத்தில் அந்தச் சுபாவம் அதிகம். மூன்றாம் வாரத்திலிருந்து சிலிகான் ஜெல் தினம் இருவேளை, மூன்று மாதம். கோடு எழும்பத் தொடங்கினால் உடனே போனால் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியில் அமர்த்தலாம். நம் தோலுக்குச் சிவப்பைவிடக் கறுப்பே பெரிய தொல்லை. நெல்லை வெயிலில் புதுத்தழும்பு ஒரு வாரத்தில் கறுத்துவிடும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியே போனால் குடை.

கல்யாணத் தேதிக்கு இதுதான் கணக்கு. இப்போது ஆவணி. இந்த மாதமே எடுத்தால் தைக்குள் நான்கு, ஐந்து மாதம் கிடைக்கும். சிவப்பு வடிந்து, மேக்கப்பில் தெரியாத அளவுக்கு வந்துவிடும். கார்த்திகை பிறந்துவிட்டால் தொடவே தொடாதீர்கள், கல்யாணம் முடியட்டும். ஆறாத சிவந்த கோட்டைவிட மச்சம் படத்தில் அழகாகவே இருக்கும். எடுத்த பிறகு மூன்று மாதம் வரை அந்தக் கன்னத்தில் ப்ளீச், ஃபேஷியல் தேய்ப்பு வேண்டாம். அந்த மூன்று மாத முடிவில் தழும்பின் வலு முழுத்தோலில் 80 சதவீதத்துக்குத்தான் ஏறியிருக்கும், அதற்கு மேல் ஏறவும் ஏறாது.

ரிப்போர்ட்டில் ‘இன்ட்ராடெர்மல் நீவஸ்’ அல்லது ‘காம்பவுண்ட் நீவஸ்’ என்று வந்தால் சாது மச்சம். ஓரத்தில் சில செல்கள் நிற்கின்றன என்று ஒரு வரி இருந்தாலும், சாது மச்சத்தில் அதற்காக மறுபடி வெட்ட வேண்டியதில்லை. ‘டிஸ்பிளாஸ்டிக்’ (செல்கள் இயல்பிலிருந்து பிசகியவை), அதிலும் ‘சிவியர்’ (கடுமையாக) என்று இருந்தால் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் லேபில் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் சிலைடையும் கேட்டு வாங்கலாம். புதிதாகச் சதை எடுக்கத் தேவையில்லை.

கடைசியாக, யாரும் யோசிக்காத ஒன்று. தங்கச்சியின் டி.சி.யை எடுத்துப் பாருங்கள். அங்க அடையாளம் என்ற இடத்தில் ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம்’ என்று ஹெட்மாஸ்டர் எழுதியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால், எடுத்த தேதியும் இடமும் குறித்த சிகிச்சைச் சீட்டையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் நகலெடுத்து டி.சி.யோடு அதே கவரில் போட்டு வையுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், வேலை என்று அடையாளம் கேட்கும் மேசைகளுக்குப் போகும்போது அந்த இரண்டு தாளும் கையில் இருக்கட்டும்.